கேலகாவை வீட்டு டீவியில் ஒழுங்காக ஓட்ட: மலையக வீடுகளுக்கான செய்முறை

கேலகா, 1981இல் நாம்கோ நிறுவனம் காசு போட்டு ஆடும் பெட்டிக்காகச் செய்த ஆட்டம். மேலே அணிவகுத்து நின்று பாய்ந்து இறங்கும் வண்டுகளை, கீழே இருக்கும் உங்கள் விண்கப்பலால் சுட வேண்டும். 1985 பெப்ரவரியில் அதே நிறுவனம் அதை நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தது. நம் பக்கத்தில் 'டீவி கேம்' என்று வாங்கப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் நகல்கள். அவற்றோடு வந்த பல ஆட்டக் கசட்டுகளில் கேலகாவும் அடிக்கடி இருக்கும், சிலவற்றில் பெயர் மாறியிருக்கும்.

சுடும் ஆட்டத்தில் விரல் அசைந்ததும் கப்பல் அசைய வேண்டும். கரண்ட் தளர்ந்தாலோ, கசட் முள்ளில் களிம்பு ஏறினாலோ, டீவி படத்தைத் தாமதமாகக் காட்டினாலோ எவ்வளவு பழகினாலும் பயனில்லை. அதனால் முதலில் கரண்ட், பிறகு கசட், பிறகு டீவி, கடைசியில் ஆட்டம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கரண்ட் சரியில்லாத பெட்டியும் கசட் அழுக்கான பெட்டியும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் மக்கர் செய்யும்.

கரண்ட்

பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் பிளஸ் என்று படம் போட்டிருக்கும். அதுதான் கணக்கு. நகல் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. அசல் ஃபேமிகாம் 10 வோல்ட், நடு முள் மைனஸ். வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டர் அடாப்டர் துளைக்குள் பொருந்தும் என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். அவற்றில் நடு முள் அநேகமாகப் பிளஸ், சில 12 வோல்ட். அமெரிக்க நின்டெண்டோ பெட்டியோடு வந்த அடாப்டர் ஏசி கொடுக்கும். அதை நகல் பெட்டியில் போட்டால் பெட்டி போய்விடும். ஜப்பானிலிருந்து வந்த அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேரே செருகக்கூடாது.

தோட்டத்து லயங்களிலும் டிரான்ஸ்போமருக்குத் தூரமான வீடுகளிலும் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும். எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் கேத்தலும் ஒரே நேரத்தில் ஏறும் நேரம் அது. உள்ளே செப்புக்கம்பி சுற்றிய பழைய கனமான அடாப்டர், சுவரில் 230 இருந்தால் 9 கொடுக்கும். சுவரில் 180 ஆனால் சுமார் 7தான் கொடுக்கும். பெட்டிக்குள் இருக்கும் 7805 என்ற ரெகுலேட்டருக்கு 5 வோல்ட் வெளியே தள்ள, உள்ளே குறைந்தது 7 வேண்டும். அந்த எல்லையில் படம் நடுங்கும், ஆட்டம் தானாக முதலிலிருந்து தொடங்கும். பலர் இதைக் கசட் பழுது என்று நினைத்துப் புதுக் கசட் வாங்குகிறார்கள். பகலில் நன்றாக ஓடி இரவில் மட்டும் இப்படி ஆனால் கசட்டைச் சந்தேகிக்கவே வேண்டாம்.

தீர்வு, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எடை குறைந்த சுவிட்ச் முறை அடாப்டர். 9 வோல்ட், 1 அம்பியர் போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், ஹட்டன், பதுளை, பண்டாரவளை ரேடியோ ரிப்பேர் கடைகளிலும் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். முள் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் வயரை வெட்டி மாற்றி ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டியபின் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே செருகுங்கள். 9க்குப் பதில் 12 போட்டால் 7805 ஒன்றேமுக்கால் மடங்கு சூடாகும். கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும்.

அடாப்டர் நல்லதாக இருந்தும் படத்தில் கிடையாக ஒரு பட்டை மேலும் கீழும் ஊர்ந்தால், ரெகுலேட்டருக்கு முன்னால் நிற்கும் பெரிய கப்பாசிட்டர் வற்றியிருக்கும். மேலே எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்குங்கள். வோல்ட் அளவு சமமாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம், குறையக்கூடாது. வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிய பிறகு 7805இன் நடுக்காலுக்கும் வெளியீட்டுக் காலுக்கும் இடையில் அளந்தால் 4.8க்கும் 5.2க்கும் நடுவில் காட்ட வேண்டும்.

சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். அப்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், டீவியின் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். அன்டெனா வழியாக இறங்கும் இடி டீவியையும் அதோடு இணைந்த கேம் பெட்டியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும்.

கசட்டும் ஈரமும்

மலையில் கசட்டைக் கெடுப்பது தூசியல்ல, ஈரம்தான். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், வடகிழக்கில் பதுளை, பசறைப் பக்கமும் வாரக்கணக்கில் சுவர் வியர்க்கும். விறகடுப்புப் புகை அதன்மேல் படிந்தால் முள்கள் கறுத்துவிடும்.

ஃபேமிகாம் கசட்டில் 60 முள்கள், ஒரு பக்கத்துக்கு 30. ஆட்டத்தின் கட்டளைகள் ஒரு கூட்டம் முள்களிலும், சித்திரங்கள் இன்னொரு கூட்டத்திலும் போகின்றன. அதனால் அறிகுறியைப் பார்த்தே இடத்தை ஊகிக்கலாம். ஆட்டம் ஓடுகிறது, சத்தம் சரி, ஆனால் வண்டுகளுக்குப் பதில் எழுத்தும் கோடும் கலந்து வந்தால் சித்திர முள்களில் அழுக்கு. ஒரே நிறத்தில் திரை உறைந்து நின்றால் கட்டளை முள்களிலோ கரண்டிலோ குறை.

துடைக்க வேண்டியது ஐசோபுரொப்பில் அல்ககோல். பாமசியில் கேளுங்கள், எழுபது வீதத்துக்குக் கீழானது வேண்டாம், நீர் அதிகம். காது துடைக்கும் பஞ்சில் நனைத்து, முள்ளின் நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு அடுத்த முள்ளுக்குப் போகும். பஞ்சு கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். களிம்பு போகாவிட்டால் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை அகற்றி, மறுபடி அல்ககோல். உப்புத்தாள் முலாமை உரித்துவிடும். குத்துவிளக்கு துலக்கும் பசை பளபளப்பாக்கும், ஆனால் இடுக்கில் மிஞ்சி நிற்கும். இரண்டும் வேண்டாம். வாயால் ஊதுவதையும் விடுங்கள். ஊதியபின் ஓடுவது கழற்றி மறுபடி செருகியதால்தான். எச்சில் ஈரம் முள்ளிலேயே தங்கிவிடுகிறது.

பெட்டியின் பள்ளத்துக்கு, பழைய டெலிபோன் கார்ட் ஒன்றில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, லேசாக நனைத்து ஐந்தாறு தடவை செருகி எடுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள். மார்கழி, தையில் நுவரெலியாவில் குளிர் அறையிலிருந்து பெட்டியை எடுத்து அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் படியும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் போடுங்கள். ஆடாத நாளில் கசட்டுகளை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகளோடு வையுங்கள்.

ஜோய்ஸ்டிக்கில் ஒரு திசை மட்டும் அழுத்தி அழுத்தித்தான் வேலை செய்தால், ஸ்குரூக்களைக் கழற்றி ரப்பருக்கு அடியிலுள்ள கறுப்புக் கார்பன் வட்டத்தைப் பாருங்கள். போர்டின் பக்கத்தை அல்ககோலாலும், ரப்பரை உலர்ந்த துணியாலும் துடையுங்கள். கார்பனைச் சுரண்டினால் திரும்ப வராது.

டீவி

பழைய குழாய் டீவி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்துக்கு அதைவிட நல்லது இல்லை. அன்டெனா வயர் வழியாக இணைப்பதைவிட மஞ்சள், வெள்ளை ஏவி வயர் தெளிவு. ஏவி இல்லாத டீவியில் அன்டெனாவைக் கழற்றிவிட்டு, தானாகத் தேடும் வசதியை நம்பாமல், கையால் விஎச்எஃப் கீழிருந்து யுஎச்எஃப் வரை தேடுங்கள். ஜப்பானிய அசல் பெட்டி அனுப்பும் இரண்டு சனல்களையும் நம் டீவிகள் பல பிடிக்காது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பெட்டி அனுப்பும் நிற முறை என்டிஎஸ்சி, டீவி எதிர்பார்ப்பது 'பால்' என்ற வேறு முறை. மெனுவில் முறையை மாற்றுங்கள்.

ஈரமான நாளில் குழாய் டீவியின் பின்னால் 'சிர்' என்ற சத்தமும் ஒருவித வாடையும் வந்தால் உடனே அணையுங்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். அதைத் திறப்பது ரிப்பேர்காரரின் வேலை.

தட்டை டீவி என்றால் கேம் மோடைப் போடுங்கள், படத்தை மிருதுவாக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவுப் பெட்டி இன்னும் தாமதம் கூட்டும். டீவியிலேயே ஏவி துளை இருந்தால் அதையே பாவியுங்கள். சில டீவிகளில் அது ஹெட்போன் துளை போல ஒன்றுதான். படம் வராவிட்டால் மஞ்சளை மற்ற நிற முனைகளில் மாற்றிச் செருகிப் பாருங்கள், வயருக்கு வயர் இணைப்பு வேறுபடும்.

நகல் பெட்டிகள் பல நொடிக்கு 50 படங்கள் காட்டும், அசல் 60. ஆட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். பழகத் தொடங்குபவருக்கு அது நல்லதே.

ஆட்டம்

காசுப் பெட்டியின் திரை நெடுக்குவாக்கில் 288 கோடுகள். ஃபேமிகாமில் 240, அதிலும் ஓரம் மறையும். வண்டுக்கும் உங்களுக்கும் இடைவெளி குறைந்துவிட்டது, சுதாரிக்க நேரமும் குறைவு. புள்ளி எண்கள் வலது பக்கத்துப் பட்டையில் இருக்கும். அது வெட்டுப்பட்டால் டீவியின் கிடை நிலையைச் சரிசெய்யுங்கள். ஒரே கிடைக்கோட்டில் 8 சிறு சித்திரங்களுக்கு மேல் இந்தப் பெட்டியால் காட்ட முடியாது. கூட்டமாக வரும்போது வண்டுகள் மினுங்கினால் அது பழுதல்ல.

திரையில் ஒரே நேரத்தில் உங்கள் குண்டு இரண்டுதான் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் வந்துவிடும். இரண்டும் தவறினால் ஒன்று மேலே போய் மறையும்வரை அடுத்ததைச் சுட முடியாது, தானாகத் தொடர்ந்து சுடும் டர்போ பொத்தானாலும் முடியாது. கிட்டே இறங்கும் வண்டைச் சுட்டால் குண்டு சீக்கிரம் முடியும், அடுத்தது உடனே கிடைக்கும். எனவே அணியில் நிற்பதைத் தூரத்திலிருந்து விரட்டாமல், பாயும் வண்டின் கீழே போய் நில்லுங்கள். புள்ளியும் அப்படித்தான்: வண்டு அணியில் 50, பாயும்போது 100. மேல் வரிசையில் நிற்கும், இரண்டு அடி வாங்கினால்தான் சாகும் தலைவன் அணியில் 150, தனியே பாய்ந்தால் 400, துணைக்கு இருவரோடு பாயும்போது அடித்தால் 1,600.

தலைவன் கதிர் வீசி உங்கள் கப்பலைப் பிடித்துக்கொள்வான். அதை மீட்டால் இரண்டு கப்பல்கள் ஒட்டி நின்று சேர்ந்து சுடும். இந்த இரட்டைக் கப்பல் எடுக்கும் முறை இது. கையில் இன்னும் கப்பல் மிச்சம் இருக்கும்போதே முதல் கட்டத்தில் செய்யுங்கள். கடைசிக் கப்பலைப் பிடிகொடுத்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு தலைவனையும் சில வண்டுகளையும் விட்டுவிட்டு மற்றதை அழியுங்கள். அந்தத் தலைவனுக்கு ஒரே ஒரு அடி கொடுத்து நிறம் மாற்றுங்கள். அவன் கதிர் விரிக்கும்போது சுடாமல் உள்ளே போய் நில்லுங்கள். அடுத்த கப்பல் வந்ததும் பொறுமையாக இருங்கள். பிடித்த கப்பலோடு அவன் பாய்ந்து இறங்கும்போது நேர் கீழே நின்று ஒரு குண்டு போதும். கப்பல் அவனுக்கு மேலே வருவதால் குண்டு முதலில் அவனைத்தான் சேரும். அணியில் நிற்கும்போது சுட்டால் பிடிபட்ட கப்பல் எதிரியாகிப் பாய்ந்து ஓடிவிடும்.

இரட்டைக் கப்பலோடு 3ஆம் கட்டத்துக்குப் போங்கள். அது யாரும் உங்களைச் சுடாத கட்டம், பிறகு 7, 11 என்று வரும். நாற்பதையும் வீழ்த்தினால் 10,000 புள்ளி. ஒவ்வொரு கூட்டமும் எந்த மூலையிலிருந்து வருகிறது என்பது மாறாது. அதை மனப்பாடம் செய்து முன்கூட்டியே போய் நிற்பவருக்கே முழுப் புள்ளி கிடைக்கும். பெரிய எண் வந்தால் அணைப்பதற்கு முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். கசட்டில் பட்டரி இல்லை, கரண்ட் போனதும் அது அழிந்துவிடும்.