பசியும் உயரமும்: குறை சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எடை கூடியவரைப் பார்த்தால் "வாயைக் கட்டு" என்கிறோம். வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையைப் பார்த்தால் "ஒழுங்காகச் சாப்பிடு, அப்போதுதான் வளருவாய்" என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம், ஆனால் இரண்டிலும் ஒரே தவறு இருக்கிறது: பசியும் உயரமும் மனசு வைத்தால் மாறிவிடும் என்று நினைக்கிறோம். இரண்டுக்கும் கணக்குப் பார்ப்பது மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, இதன் உத்தரவைக் கேட்டுத்தான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது.

பசி என்பது வெறும் நாக்கு ருசி என்று வாதாடுபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது எலிக் கதைதான். 1949-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் சில சுண்டெலிகள் தின்றுகொண்டே இருந்து, மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு எடைக்கு ஊதிப்போயின. பின்னாளில் அங்கேயே இன்னொரு குண்டு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இவற்றின் இரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியின் இரத்த ஓட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். முதல் வகைக் குண்டு எலி, சாதாரண எலியோடு இணைந்ததும் தீனியைக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் வகையோடு இணைந்த சாதாரண எலியோ, தீனி பக்கத்திலேயே இருந்தும் தொடாமல் பட்டினி கிடந்து செத்தது. முதல் வகையின் உடலில் "போதும்" என்று சொல்லும் பொருள் ஊறவில்லை. இரண்டாவதில் அது ஏராளமாக ஊறியும், கேட்பதற்கு மூளையில் காது இல்லை. இரத்தம் வழியாக அந்தப் பொருள் வெள்ளமாக வந்ததால்தான் பக்கத்து எலி தின்பதையே நிறுத்தியது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது, லெப்டின் என்று பெயர் வந்தது. அதைச் சுரப்பது நாம் வெறும் சுமை என்று நினைக்கும் கொழுப்புதான்.

சரி, அப்படியானால் லெப்டின் எடுத்துக்கொண்டால் எடை குறைந்துவிடுமே? இதுதான் அடுத்த தவறு. பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள் உலகத்தில் மிகச் சிலர்; அவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டதும் அடங்காத பசி அடங்கியிருக்கிறது. மற்றபடி உடல் பருமன் உள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறையவே ஓடுகிறது, மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. மேலும் லெப்டின் ஒரு புரதம், வாய்வழியே போனால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆகவே 'லெப்டின் மாத்திரை' என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நான் அதிகம் வருத்தப்படுவது திடீர்ப் பட்டினியைப் பற்றி. ஒரே மாதத்தில் எடையைக் குறைத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டைப் பாதியாக வெட்டும்போது, இழக்கிற கொழுப்பைவிட வேகமாக லெப்டின் இறங்குகிறது, வயிற்றில் ஊறிப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. மூளைக்கு இது பஞ்சம் வந்துவிட்டது என்ற செய்தி. 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், எடை குறைத்து ஓராண்டு கழித்தும் அதில் கலந்துகொண்டவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஓராண்டு! எடை திரும்ப ஏறியவர்களை மனஉறுதி இல்லாதவர் என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். மெதுவாகக் குறைத்தாலும் இந்த எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும். அதனால் குறைப்பதற்குத் திட்டம் போடுவதைப் போலவே, குறைந்ததை வருடக்கணக்கில் காப்பதற்கும் முதல் நாளிலேயே திட்டம் வேண்டும்.

கிரெலினைப் பற்றி ஒரு விஷயம். 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா இருவரும் தேடிக்கொண்டிருந்தது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளை. அது எலியின் வயிற்றில் போய்க் கிடைத்தது, பசியைத் தூண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு முன்னால் ஏறி, பிறகு தணியும் ஹார்மோன் இது. நேரம் தவறி வரும் பசி அலை போல வந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கத்தைக் குறைத்தாலும் பசி கூடும், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இனி உயரம். பிட்யூட்டரியிலிருந்து வரும் ஹார்மோன் கல்லீரலைத் தூண்ட, அங்கிருந்து ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பி, எலும்பின் முனைகளில் அதை நீளச் செய்யும் வளர்ச்சித் தட்டுகளுக்குப் போகிறது. பருவ வயதின் முடிவில் பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன் இந்தத் தட்டுகளை மூடிவிடும், ஆண் பிள்ளைகளுக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். மூடிய பிறகு எந்தப் பொடியும் மாத்திரையும் உயரத்தைக் கூட்டாது. அதற்குமேல் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கையும் காலும் தாடையும்தான் தடிக்கும். இரவு இத்தனை மணிக்குள் தூங்கினால்தான் வளர முடியும் என்பதும் சரியல்ல. இந்த ஹார்மோன் பெரிய அலையாக வருவது தூங்கிய பிறகு வரும் முதல் ஆழ்ந்த உறக்கத்தில், கடிகார முள்ளைப் பார்த்து அல்ல.

இப்படி அலை அலையாக வருவதால்தான், ஏதோ ஒரு நேரத்தில் இரத்தம் எடுத்து "வளர்ச்சி ஹார்மோன் குறைவு" என்று பயப்படுவதும் தவறு. இரண்டு அலைக்கு நடுவில் பார்த்தால் ஆரோக்கியமான பிள்ளைக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் பெற்றோர்கள் கவனிக்காமல் விடக் கூடாது. வெறுமனே அதிகம் சாப்பிட்டுக் குண்டாகும் பிள்ளை பொதுவாக வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டதென்றால் தைராய்டு குறைவோ, கார்டிசால் என்ற ஹார்மோனின் மிகுதியோ இருக்கலாம், அந்தப் பிள்ளையைத் திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தும் வளர்ச்சியைத் தடுக்கலாம், ஆனால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

உயரத்தை அளப்பதிலும் தவறு நடக்கிறது. காலையில் எழுந்ததும் அளந்த பிள்ளை மாலையில் சுமார் 1 செ.மீ. குறைவாக இருக்கும், முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால். ஆகவே செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டியபடி நிற்கவைத்து, தலையில் ஒரு தடித்த புத்தகத்தைச் சமமாக வைத்துக் கோடு போடுங்கள், பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நேரத்தில் அடுத்த கோடு. 4 வயதிலிருந்து பருவம் தொடங்கும் வரை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வது வழக்கம், 4 செ.மீ.க்கும் கீழே போனால் அந்தக் கோடுகளையும் தேதிகளையும் குறித்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் அவர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார், வளர்ச்சித் தட்டுகள் இன்னும் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும்.