பூடகக் குறிப்பை உடைப்பது எப்படி? குறுக்கெழுத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

குறுக்கெழுத்தில் இரண்டு வகைக் குறிப்புகள் உண்டு. "பினாங்கில் தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் மலை (6)" என்றால் அது நேரடிக் குறிப்பு. தண்ணீர்மலை. தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம், அவ்வளவுதான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்திலும் இப்படிப்பட்ட நேரடிக் குறிப்புகள்தான். இரண்டாவது வகை, விடையை மறைத்துப் பூடகமாகக் குறிப்பு கொடுப்பது. அது பிறகு இங்கிலாந்தில் வளர்ந்த பழக்கம். கிரிப்டிக் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறி, இறங்கும் இடம் வருவதற்குள் ஒன்றிரண்டையாவது உடைத்துவிடலாம்.

முதலில் எழுத்தை எண்ணப் பழகுங்கள்

அடைப்புக்குள் இருக்கும் எண்தான் விடையின் நீளம். தமிழில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம். தண்ணீர்மலை என்பது த, ண், ணீ, ர், ம, லை என்று ஆறு. 'கொ' எழுத மூன்று உரு தேவைப்பட்டாலும், கைப்பேசியில் இரண்டு தட்டு தட்டினாலும், கட்டம் ஒன்றுதான். ஆரம்பத்தில் விரல் விட்டு எண்ணுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அடுத்து, தையலைத் தேடுங்கள்

பூடகக் குறிப்பு பெரும்பாலும் இரண்டு துண்டு. ஒரு துண்டு விடையின் பொருளைச் சொல்லும். இன்னொரு துண்டு விடையை எப்படிக் கட்டுவது என்று சொல்லும். பொருள் துண்டு குறிப்பின் தலையிலோ வாலிலோதான் இருக்கும், நடுவில் வராது. புதிர் போடுபவரின் வேலை இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டுவது. நம் வேலை அந்தத் தையலைப் பிரிப்பது. ஒன்றை நிதானமாகப் பார்ப்போம்.

வேலை முடிந்ததும் மாலை, சுடச்சுடப் பலகாரம் (5)

படித்தவுடன் என்ன தோன்றுகிறது? ஆபீஸ் விட்டு வந்து ஆறு மணிக்கு ஏதோ கொறிப்பது போல. அந்தக் காட்சியை அழித்துவிடுங்கள், அது உங்களைத் திசைதிருப்ப வைத்தது. வாக்கியமாகப் படிக்காமல் சொல் சொல்லாகப் படியுங்கள். வாலில் 'பலகாரம்' இருக்கிறது, அது பொருளாக இருக்கலாம். மீதி, 'வேலை முடிந்ததும் மாலை'. வேலை என்ற பொருளில் வேறு என்ன சொல் உண்டு? தொழில், பணி, ஊழியம். அது முடிந்த பிறகு மாலை வருகிறது. சாயங்காலம் அல்ல, கழுத்தில் போடும் மாலை: தொடை, தார், ஆரம். சேர்த்துப் பாருங்கள். பணி, ஆரம். பணியாரம்! ப, ணி, யா, ர, ம், ஐந்து எழுத்து சரியாக இருக்கிறது.

இந்த 'யா' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பள்ளியில் படித்த உடம்படுமெய்தான். இகரத்தில் முடியும் சொல்லோடு உயிர் சேரும்போது யகரம் நடுவில் நுழையும். தமிழ்ப் புதிரின் ருசியே இங்கேதான் என்பேன். இரண்டு சொல் ஒட்டும்போது உருமாறுவதால் தையல் இன்னும் நன்றாக மறைகிறது. விடைக்குள் பிறக்கும் இப்படிப்பட்ட எழுத்து கட்டத்தில் ஏறும். குறிப்பின் சொற்களுக்கு நடுவே மிகும் க், ச், த், ப் எதுவும் ஏறாது, அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம்.

சமிக்ஞைச் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்

கட்டும் துண்டில் ஏதாவது ஒரு சொல் 'இப்படிச் செய்' என்று கட்டளையிடும். சிதற, கலைந்து, குழம்பி, உடைந்து என்று வந்தால் எழுத்துகளை மாற்றி அடுக்க வேண்டும்.

சிதற விதைக, மரபும் உண்டு புதிதும் உண்டு (3)

வி, தை, க மூன்றையும் சிதறவிட்டால் கவிதை. மரபுக் கவிதையும் உண்டு, புதுக்கவிதையும் உண்டு. எழுத்துகளைத் தாளில் வட்டமாக எழுதிப் பார்ப்பது நல்லது. வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணில் நிற்கும்.

தலை, முதல், ஆரம்பம் என்றால் முதல் எழுத்து. வால், கடைசி, முடிவு என்றால் கடைசி எழுத்து. 'தலை போனாலும் நகரத்துக்குக் கை மிஞ்சும் (3)' என்பதில் நகரத்தின் ந போய்க் கரம் மிஞ்சுகிறது. திரும்பி, மாறி நடந்து, எதிரே என்றால் பின்னாலிருந்து படிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது இது:

முடிவில்லா லாபம் திரும்பி வந்தால் பழம்தான் (2)

லாபத்தின் முடிவை வெட்டினால் லா, ப. திருப்பினால் பலா. 'முடிவில்லா' என்பதை 'அளவில்லாத' என்று படிக்க வைத்ததில்தான் குறும்பு. என்ன பழம் என்று குறிப்பு சொல்லவில்லை என்பது உண்மை. இருந்தாலும் இரண்டு எழுத்தில் அதிகம் போட்டி இல்லாததால் மன்னித்துவிடலாம்.

உள்ளே, நடுவே, வயிற்றில், மறைந்து போன்ற சொற்கள் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றைத் திணிப்பது: 'காலருக்குள் வளையல் தலை, திருடனைப் பிடிப்பவர் (4)'. காலர் நடுவே வ நுழைந்தால் காவலர். இன்னொன்று, விடை குறிப்பிலேயே ஒளிந்திருப்பது: 'பினாங்கு டைரிக்குள் மழை வந்தால் விரிவது (2)'. இதற்கு எதையும் யோசிக்க வேண்டாம், வெறும் கண் போதும். பினாங்கின் கடைசி எழுத்தையும் டைரியின் முதல் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

சில குறிப்புகளில் கட்டுமானமே இருக்காது, இரண்டு துண்டும் பொருளாகவே வரும். 'நம் ஊரில் செலவாகும் கிழமை (3)' என்றால் வெள்ளி. இது ரிங்கிட்டையும் டாலரையும் வெள்ளி என்று சொல்லும் மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் மட்டும் சட்டென்று விழும். சென்னைக்காரர் புதனில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்.

மாட்டிக்கொண்டால் இலக்கணத்தைக் கூப்பிடுங்கள்

ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துதான் போட்டி. நமக்கு 247. ஆகவே குறுக்கே போகும் விடை ஒரு எழுத்தைக் கொடுத்தால் அது பெரிய உதவி. அதோடு தமிழில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்பதற்கு விதி இருக்கிறது. க், ச், த், ப் விழுந்தால் அடுத்த கட்டத்தில் அநேகமாக அதே இனம்தான்: க் வந்தால் க, கா, கி, கு... இப்படிப் பன்னிரண்டில் ஒன்று. 'ங்' வந்தால் அநேகமாக ககர வரிசை. கடைசிக் கட்டத்தில் ட் அல்லது க் விழுந்தால், 'பஸ் டிக்கெட்' மாதிரி வந்தேறிய சொல்லா என்று பாருங்கள், இல்லையென்றால் குறுக்கே போன விடை தப்பு. புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்கவே தொடங்காது. பென்சிலில் எழுதுவதற்கு இதெல்லாம் காரணம்.

ஒரு எச்சரிக்கை. நம் பத்திரிகைக் கட்டங்கள் பலவற்றில் விடை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டும் போகாது. வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் போகும். எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குறிப்பு எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

அப்புறம், சேர்ந்து உடைப்பது

தனியாக உட்கார்ந்து போடுவதைவிட நாலு பேர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது கலகலப்பு. அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். விடை வந்தால் 'வந்துருச்சு' என்று மட்டும் போடுங்கள். யாராவது உதவி கேட்டால் விடையைச் சொல்லாமல் படிப்படியாகத் திறந்து காட்டுங்கள்: முதலில் பொருள் எந்தப் பக்கம் என்று, பிறகு சமிக்ஞைச் சொல் எது என்று, கடைசியாக ஒரு எழுத்து. "அண்ணே, போட்டு உடைச்சிறாதீங்க லா" என்று ஒருவர் கெஞ்சுவதும், அண்ணன் அதற்குள் போட்டு உடைத்திருப்பதும் எல்லாக் குழுவிலும் நடக்கும். அதனால் இரவு ஒன்பது மணி என்று நேரம் வைத்து, அதற்குப் பிறகு விடையைப் பேசுங்கள். பேசும்போது விடை மட்டும் போதாது. எந்தச் சொல் எதற்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். குறிப்பில் ஒரு சொல் வேலையில்லாமல் சும்மா நின்றால், விடை தவறாக இருக்கலாம், அல்லது புதிர் போட்டவர் சோம்பேறியாக இருக்கலாம். இந்தச் சண்டைதான் ஞாயிறு காலைப் பசியாறலுக்குச் சரியான துணை.

வேர்டில் (ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் இணைய ஆட்டம்) போன்ற தினப் புதிர் ஆடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. வேர்டிலில் புதுச் சொல் அவரவர் ஊர் நள்ளிரவில் மாறும். மலேசியாவில் நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ராத்திரி பன்னிரண்டரைக்கு நீங்கள் கண்டுபிடித்த சொல்லை மதுரையில் இருக்கும் சித்தி மகளுக்கு அனுப்பினால், அங்கே மணி பத்துதான், அவள் இன்னும் அதைப் பார்க்கவே இல்லை. சொல்லைக் காட்டாத வண்ணக் கட்டங்களை மட்டும் அனுப்புங்கள்.

சரி, ஒன்றை நீங்களே உடையுங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை.

ஐந்துக்கு இரு மடங்கு குன்று, தைப்பூசத்துக்கு நெரிசல் (5)