கிறிஸ்துமஸ் திறந்த இல்லம்: முஸ்லிம் விருந்தினர் தயக்கமின்றிச் சாப்பிட வீட்டை ஆயத்தம் செய்வது எப்படி

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 63.5 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பக்கத்து வீடு, ஆபீஸில் பக்கத்து மேசை, பிள்ளைகளின் வகுப்பறை என எங்கும் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும்தான் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் ரெண்டாங்கும் கெத்துப்பாட்டும் வயிறாரச் சாப்பிட்டு வருகிறோம். கிறிஸ்துமஸுக்குத் திறந்த இல்லம், அதாவது வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டில் பண்டிகை விருந்து, வைத்து அவர்களைத் திருப்பி அழைக்கும்போதுதான் சிக்கல். வருகிறார்கள், வாழ்த்துகிறார்கள், ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தண்ணீர் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நம்மேல் வெறுப்பு எதுவும் இல்லை. மனத்தில் சந்தேகம் இருக்கிறது, அதை வாய்விட்டுக் கேட்க முடியாத கூச்சமும் இருக்கிறது. "இந்தச் சட்டியில் இதற்கு முன் என்ன சமைத்தீர்கள்?" என்று விருந்துக்கு வந்த எவரும் கேட்கமாட்டார். அவர் கேட்பதற்கு முன்பே பதில் கண்ணில் படும்படி வீடு இருக்கவேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, சமையல் வீட்டிலா வெளியிலா என்பது. உங்கள் அடுப்பில் பன்றி இறைச்சி ஏறுவதுண்டு என்றால் தயங்காமல் வெளியில் கொடுத்துவிடுங்கள். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி பன்றி பட்ட பாத்திரத்தைச் சாதாரணமாகத் தேய்த்துக் கழுவினால் போதாது. ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இதைத்தான் இங்கே செர்த்து அல்லது சாமாக் என்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பம் இதைத் தானே செய்துவிட்டு "கழுவிவிட்டோம், சாப்பிடுங்கள்" என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. விருந்தினர் அதை நம்புவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

வீட்டில் பன்றியே சமைப்பதில்லை என்றால் சமைக்கலாம். ஆனால் "பன்றி இல்லை" என்பதும் "ஹலால்" என்பதும் ஒன்றல்ல. நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கோழியும் ஆடும் முஸ்லிம் முறைப்படி அறுத்தவையாக இருக்கவேண்டும். பாசாரில் இந்திய முஸ்லிம் இறைச்சிக் கடையில் வாங்குங்கள், அல்லது ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் முத்திரை உள்ள உறையிட்ட இறைச்சி வாங்குங்கள். மாட்டிறைச்சி வேண்டாம். நம் வீட்டுக்கு இந்து உறவினர்களும் வருவார்கள். கோழியும் ஆடும் இருந்தால் இரு தரப்புக்கும் பொது, சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாக இரண்டு கறி வைத்தால் போதும்.

ஒரு வாரத்துக்கு முன்பே உறைபெட்டியைக் காலி செய்து துடைத்துவிடுங்கள். ஹேம், பேக்கன், சீனக் கடைச் சொசேஜ் எதுவும் அன்று குளிர்பெட்டியில் இருக்கக்கூடாது. உதவிக்கு வரும் மலாய்ப் பக்கத்து வீட்டுக்காரர் ஐஸ் எடுக்கக் கதவைத் திறப்பார் என்று நினைத்துக்கொண்டே அடுக்குங்கள்.

உணவை வெளியில் எடுப்பதானால் கேட்டரிங்காரரிடம் ஹலால் சான்றிதழ் உண்டா, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். ஜாக்கிமின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். சான்றிதழ் இல்லாவிட்டாலும், தாமானில் எல்லாருக்கும் தெரிந்த மலாய் மாக்சிக் (அத்தை வயதுப் பெண்மணி) ஒருவர் சமைத்துத் தந்தால் அதுவே போதும். பெயரைச் சொன்னாலே விருந்தினர் தட்டை எடுப்பார்கள். ஆனால் வீட்டு வாசலில் நீங்களே "ஹலால்" என்று பலகை எழுதி மாட்டாதீர்கள். விற்பனைக்கு வைக்கும் உணவில் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போடுவது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். தேவாலயச் சந்தையில் கடை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வீட்டு விருந்தில் சட்டம் குறுக்கே வராது என்றாலும், நாம் எழுதும் பலகையைவிடச் சமைத்தவரின் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம்.

இனி, கண்ணுக்குத் தெரியாமல் காலை வாரும் பொருட்கள். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி, மூஸ் கேக் இவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். அதற்குப் பதில் அகர் அகர் (கடற்பாசி ஜெல்லி) கிண்டிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆபீஸிலிருந்து வந்த ஹேம்பரைப் (பரிசுக் கூடையைப்) பிரித்து அப்படியே மேசையில் கொட்டாதீர்கள். மது நிரப்பிய சாக்லேட் அதில்தான் ஒளிந்திருக்கும். கடை பேஸ்ட்ரியில் பன்றிக்கொழுப்பு, சமையல் சாஸில் சமையல் ஒயின், வெண்ணிலா எசன்ஸில் ஆல்கஹால் இருக்கக்கூடும். முத்திரை பார்த்து வாங்கினால் இந்தக் கவலையெல்லாம் இல்லை.

இன்னொன்று, பலர் யோசித்தே பார்க்காதது: வெண்ணெய் தடவும் பிரஷ். பேக்கரிச் சாமான் கடையில் மரக் கைப்பிடியும் வெளிர் நிற முடியும் கொண்ட மலிவுப் பிரஷ் பல சமயம் பன்றி முடியால் செய்ததாக இருக்கும். பன்றி, நாய் இவற்றின் எந்தப் பாகத்தாலும் செய்த பொருளில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று 2013இல் ஆணையே பிறப்பித்திருக்கிறார்கள். குறியீடு இல்லாத பழைய பிரஷ் வீட்டில் இருந்தால் ஒரு முடியைப் பிடுங்கித் தீயில் காட்டுங்கள். பிளாஸ்டிக் என்றால் உருகி உருண்டையாகும். தலைமுடி கருகும் வாடை வந்தால் அது விலங்கு முடி. எந்த விலங்கு என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், தூக்கிப்போட்டுவிட்டு சிலிக்கோன் பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய பிரஷ்ஷால் தடவிய கேக்கில் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கை ரம்மில் ஊறவைப்பது பல குடும்பங்களில் பாட்டி காலத்து வழக்கம். அந்தக் கேக்கை இந்த மேசையில் வைக்காதீர்கள். "சூட்டில் ஆவியாகிவிடும்" என்ற வாதம் முஸ்லிம் விருந்தினரிடம் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. மதுவில்லாத கேக்கும் அருமையாக வரும். 500 கிராம் உலர்பழக் கலவைக்கு 200 மில்லி ஆரஞ்சுச் சாறும் 50 மில்லி கெட்டியான கட்டன் தேநீரும் ஊற்றி, ஐந்து நிமிடம் இளங்கொதியில் வைத்து, மூடி ஓர் இரவு விடுங்கள். தேநீரின் துவர்ப்புதான் ரம் தரும் ஆழத்தை ஓரளவு ஈடுகட்டும். மறுநாள் நன்றாக வடித்து, இரண்டு மேசைக்கரண்டி மாவில் பழத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள். வடிக்காமல் போட்டால் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 250 கிராம் வெண்ணெய், 200 கிராம் பழுப்புச் சீனி, 5 முட்டை, 250 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி சேர்ந்து ஒரு தேக்கரண்டி. எட்டு அங்குலத் தட்டில் 160 பாகை செல்சியஸில் 75 முதல் 90 நிமிடம். மேலே சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

ரம் கேக் மாதக்கணக்கில் தாங்கும், இது தாங்காது. நம் வெக்கையில் வெளியே இரண்டு நாள், குளிர்பெட்டியில் ஒரு வாரம், அவ்வளவுதான். நவம்பரிலேயே சுட்டு வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பூஞ்சைதான் மிஞ்சும். டிசம்பர் 23இல் சுடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 40 பேருக்கு 4 கிலோ பாஸ்மதி, எலும்போடு 6 கிலோ கோழி, 4 கிலோ ஆட்டிறைச்சிப் பெரட்டல், ஒரு கிலோ பருப்பில் டால்ச்சா, அன்னாசிப் பச்சடி போதும். திறந்த இல்லத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆகவே பிரியாணியை ஒரே சட்டியில் வைக்காமல் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டாகப் பிரித்து வேகவையுங்கள். மேசையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்த சோற்றைப் பரிமாறாதீர்கள்.

சிலுவையையும் குடிலையும் விருந்தினருக்காகக் கழற்றி ஒளித்துவைக்க வேண்டாம். அவர்கள் கிறிஸ்தவர் வீட்டுக்குத்தான் வருகிறோம் என்று தெரிந்தே வருகிறார்கள். நம் வீட்டை நம் வீடாகவே பார்ப்பதுதான் அவர்களுக்கும் இயல்பு. குடிலுக்கு முன்னால் சாப்பாட்டு மேசையைப் போடாமல் இருந்தால் போதும். ஜெபம், பாடல், போதகரோ குருவோ வந்து வீட்டை ஆசீர்வதிப்பது எல்லாவற்றையும் காலையிலேயே, விருந்தினர் வருமுன் முடித்துவிடுங்கள். முஸ்லிம்கள் பிற மதப் பண்டிகை உபசரிப்புக்குப் போகலாம், ஆனால் மதச் சடங்கில் கலந்துகொள்ளக்கூடாது என்பதே இங்குள்ள சமய அதிகாரிகளின் வழிகாட்டல். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென ஜெபம் தொடங்கினால் அவர்களுக்கு எழுவதா இருப்பதா என்ற தர்மசங்கடம்.

மது அன்றைக்கு வேண்டவே வேண்டாம். தனி மேசையில், பின்கட்டில், சித்தப்பா மட்டும் என்பதெல்லாம் கணக்கில் சேராது. மது பரிமாறும் விருந்தில் உட்கார மறுப்பவர்கள் பலர் உண்டு. பீர் குடிக்கும் உறவினருக்கு இரவு எட்டு மணிக்குமேல் தனி அழைப்புக் கொடுங்கள். நாய் இருந்தால் வாசலில் கட்டாமல் பின்புறம் கூண்டில் விடுங்கள், அல்லது அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். ஈர மூக்கு உடையில் பட்டால் அவர்கள் அந்த உடையோடு தொழ முடியாது, முறைப்படி கழுவியாக வேண்டும்.

தொழுகைக்கு ஓர் அறை ஒதுக்குங்கள். படங்கள் இல்லாத, நாய் நுழையாத அறையாக இருக்கட்டும். சுத்தமான விரிப்பு ஒன்று, ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ) குளியலறையில் உலர்ந்த தரை, ஒரு வாளி. கோலாலம்பூரிலிருந்து கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) ஏறத்தாழ 292 பாகை, அதாவது மேற்கிலிருந்து சற்று வடக்கே. கைபேசித் திசைகாட்டியில் பார்த்து, சிறு அம்புக்குறியைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். டிசம்பர் கடைசியில் லுஹர் (நண்பகல் தொழுகை) ஏறத்தாழ ஒன்றேகாலுக்கு, அஸர் (பிற்பகல் தொழுகை) நாலரைக்கு மேல், மஃரிப் (அந்தித் தொழுகை) ஏழேகாலை ஒட்டி. அழைப்பை 11 மணி முதல் 4 மணிவரை என்று போட்டால் ஒரு தொழுகைதான் குறுக்கே வரும். 2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை. ஒரு மணியிலிருந்து இரண்டரைவரை ஆண்கள் ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்கு) போய்விடுவார்கள், அந்த ஆண்டு மூன்று மணிக்குப் பிறகு அழையுங்கள்.

அழைப்பிதழில் கவனம் தேவை. சிலாங்கூர், பேராக், கெடா, ஜொகூர் உட்படப் பல மாநிலங்களில் முஸ்லிம்களிடையே பிற மதத்தைப் பரப்புவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. அரசியலமைப்பின் 11(4) பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆகவே மலாய் அழைப்பில் நாள், நேரம், முகவரி, சமைப்பவர் பெயர் இவை போதும். வேத வசனம் அச்சிட்ட அட்டை, துண்டுப் பிரசுரம், பிள்ளைகளுக்கான பைபிள் கதைப் புத்தகம் எதையும் அன்பளிப்புப் பைக்குள் போடாதீர்கள். சபைப் பிள்ளைகளுக்கென்று கட்டிய பை தவறுதலாகக் கைமாறுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. அந்தப் பைகளுக்கு வேறு நிறம் கொடுத்து அறைக்குள் பூட்டிவையுங்கள்.

அன்றைய தினம் ஒவ்வொரு சட்டிக்கு முன்னும் அயாம் (கோழி), கம்பிங் (ஆடு), சாயூர் (காய்கறி) என்று மலாயில் சிறு அட்டை வையுங்கள். கரண்டி மாறாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று தட்டில் அள்ளிப் போடுவது நம் வழக்கம், ஆனால் இங்கே அது வேலைக்காகாது. சிலர் எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சாப்பிடமாட்டார்கள். அவர்களுக்காகத் தோலோடு கூடிய பழங்கள், உறையிட்ட பானங்கள், மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்களைத் தனி மேசையில் வையுங்கள், அந்த மேசையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். கிளம்பும்போது புங்குஸ் செய்ய (கட்டி எடுத்துப்போக) டப்பாக்கள் தயாராக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு என்று கேட்டு வாங்கிப்போகிறவர்கள் அடுத்த ஆண்டு அம்மாவையும் கூட்டி வருவார்கள்.

2031இலும் 2032இலும் கிறிஸ்துமஸ் நோன்பு மாதத்துக்குள் விழும், 1998 முதல் 2000 வரை விழுந்ததுபோல. அப்போது பகல் விருந்தை நம்மவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முஸ்லிம் நண்பர்களை மாலை ஏழு மணிக்கு அழையுங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில், தொழுகைக்குப் பதினைந்து நிமிடம், அதன் பிறகு பிரியாணி. இரண்டாவது சட்டியை அன்று பிற்பகல் நான்கு மணிக்குமேல் அடுப்பில் ஏற்றினால் சரியாக இருக்கும்.