பட்டாளத்தில் விட்டுப்போன மெடலை இப்போது கேட்டு வாங்குவது எப்படி?

எங்கள் பெரியப்பா 1968-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1983-ல் ஹவில்தாராக பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். 1971 போர் நடந்தபோது ராஜஸ்தான் எல்லையில் இருந்தார். ஆனால் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு மெடல். அதுவும் ரிப்பன் வெளுத்துப்போய், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போனவர், தன்னோடு ஒரே நாளில் சேர்ந்த கூட்டாளி நெஞ்சில் நாலு மெடல் குத்திக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகத்தை, எடுத்து என் முன்னால் போட்டார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருடா."

பார்த்தால், மெடல் விவரம் எழுதும் பக்கத்தில் நாலு பெயர் இருக்கிறது. நீல மை மங்கிப்போய், யாரோ ஒரு கிளார்க்கின் அவசரக் கையெழுத்தில். நாற்பது வருஷமாக அந்தப் புத்தகம் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது, யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அலைந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "நாட்டுக்காக உழைத்தேன், என்னை அங்கீகரியுங்கள்" என்று எழுதினால் அந்தக் கடிதம் எந்த மேஜைக்கும் சொந்தமில்லாமல் சுற்றும். "எனக்கு இன்ன மெடல் சேர வேண்டும், இன்னும் வரவில்லை" என்று கடைக்காரர் பாக்கி கேட்கிற மாதிரி கேட்டால் யாராவது ஒருவர் ரெஜிஸ்டரைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பெரியப்பா எழுதிய முதல் கடிதம் முதல் ரகம். மூன்று பக்கம், பனியும் மணலும் பட்டினியுமாக. நாலு மாதம் பதிலே இல்லை.

முதல் படி: எந்த மெடல் என்று முடிவு செய்யுங்கள்

மெடலில் இரண்டு ஜாதி. ஒன்று வீரதீரத்துக்குத் தருவது: பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா மெடல் போன்றவை. இன்னொன்று, இந்தக் காலத்தில் இந்த இடத்தில் இருந்தாலே சேர வேண்டியது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றித்தான். முதல் ரகத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதிகம் விட்டுப்போயிருக்கக்கூடியவை இவை. 1965 போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார். 1965 ஆகஸ்ட் 5 அன்று படைக் கணக்கில் இருந்து 180 நாள் சேவையும் உள்ளவர்களுக்கு ரக்ஷா மெடல். 1971-ல் கிழக்கே, அதாவது இன்றைய வங்கதேசம் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத், மேற்கு வங்கம், அசாம் முதலான மாநிலங்களில் பணியாற்றியவர்களுக்கு சங்கிராம் மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கு சுதந்திர 25ஆம் ஆண்டு மெடல், அதே போல 1997 ஆகஸ்ட் 15-க்கு 50ஆம் ஆண்டு மெடல். இந்த ஆண்டு விழா மெடலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சண்டைக்கே போகாமல் ஸ்டோரில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவருக்கும் அது உண்டு.

அப்புறம் 9 வருஷம், 20 வருஷம், 30 வருஷம் முடித்தவர்களுக்கான நீண்ட சேவை மெடல்கள். இவற்றுக்கு நன்னடத்தையும் பார்ப்பார்கள், சிவப்பு மைப் பதிவு, அதாவது தண்டனைப் பதிவு, இருந்தால் இடிக்கலாம். எல்லைப் பகுதிகளுக்கும் பாலைவனத்துக்கும் சைன்ய சேவா மெடல். அதில் இடத்தின் பெயரோடு ரிப்பன் மேல் ஒரு சின்னப் பட்டை வரும், அதற்குக் கிளாஸ்ப் என்று பெயர். ஹிமாலயா, மருஸ்தல் என்றெல்லாம் இருக்கும். ஆணியில் தொங்கியது இதுதான்.

எதிரியின் குண்டு பட்டுக் காயமடைந்தவர்களுக்குப் பராக்ரம் பதக் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இதற்கு உடம்பில் தழும்பு இருந்தால் போதாது. ஆவணத்தில் 'பேட்டில் கேஷுவல்டி', அதாவது போரில் காயம்பட்டவர், என்று பதிவாகியிருக்க வேண்டும். அதே எல்லையில் லாரி கவிழ்ந்து கால் போயிருந்தால் அது வேறு கணக்கு.

ஒரு காகிதத்தில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த யூனிட்டில் இருந்தார் என்று எழுதுங்கள். வலப்பக்கம் அந்தத் தேதிக்குப் பொருந்தும் மெடல். பெரியவரிடம் கேட்டால் ஊர்ப்பெயர் வராது, "தார் பாலைவனத்துல ஒரு கிணத்துப் பக்கம்" என்றுதான் வரும். டிஸ்சார்ஜ் புக்கில் போஸ்டிங் விவரம் இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் பழைய கடித உறை, யூனிட்டில் எடுத்த குரூப் போட்டோவின் கீழே எழுதியது, எது கிடைத்தாலும் சரி.

இரண்டாம் படி: காகிதங்கள்

டிஸ்சார்ஜ் புக் முழுவதையும், காலிப் பக்கத்தைக்கூட விடாமல், ஜெராக்ஸ் எடுங்கள். பிபிஓ எனப்படும் பென்ஷன் உத்தரவு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார் இவற்றின் நகலும் வேண்டும். பெரியவர் காலமாகிவிட்டார் என்றால் மனைவியோ வாரிசோ கேட்கலாம். அப்போது இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேரும்.

இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் படுத்தும் பாடு. நமக்கு இனிஷியல், அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். முனுசாமி என்று சேர்ந்தவர் வடநாட்டுக் கிளார்க் காதில் விழுந்தபடி 'முன்னு சுவாமி' என்று இரண்டு சொல்லாக ஆகியிருப்பார். ஆதாரில் ஒரு மாதிரி, பிபிஓவில் ஒரு மாதிரி. அதைத் திருத்த இப்போது கிளம்பாதீர்கள், அது தனிக் காடு. கடிதத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிற எழுத்துப்படியே பெயரை எழுதி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி சேர்த்து, மேலே ஆர்மி நம்பரைப் பெரிதாகப் போடுங்கள். பெயரில் எழுத்து மாறினாலும் நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நம்பருக்குக் கடைசியில் ஆங்கில எழுத்து ஒன்று இருந்தால் அதையும் விடக்கூடாது.

மூன்றாம் படி: எங்கே அனுப்புவது

டெல்லிக்கு அல்ல, ஜனாதிபதிக்கும் அல்ல. அவரவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்டிலரி என்றால் நாசிக் ரோடு, இஎம்இ (வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்திராபாத். விமானப்படைக்காரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில். அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு வழி வேறு, அவர்கள் டெல்லித் தலைமையகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

நேராகவும் அனுப்பலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் அனுப்பலாம். நான் இரண்டையும் செய்யச் சொல்வேன். அங்கே இருப்பவர்களும் பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள்தான். டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்த உடனே எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவர்கள் உண்டு. காலை பத்தரைக்குள் போய்விடுங்கள்.

நான்காம் படி: கடிதம்

ஒரே பக்கம். ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். தலைப்பு வரியில் 'வழங்கப்படாத மெடல்களை வழங்கக் கோருதல்' என்ற பொருள், அதன் கீழே நம்பர், ரேங்க், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, பட்டாளத்தை விட்டு வந்த தேதி. அடுத்த பத்தியில் மெடல் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் காலத்தில் எங்கே இருந்ததால் சேர வேண்டும் என்று அரை வரி. அடுத்து, டிஸ்சார்ஜ் புக்கின் எந்தப் பக்கத்தில் அது பதிவாகியிருக்கிறது என்பது. கடைசியாக இரண்டு கோரிக்கை: மெடலை அனுப்புங்கள், ஏற்கனவே அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில் எந்த யூனிட்டுக்கு, யார் கையெழுத்து போட்டு வாங்கினார் என்று சொல்லுங்கள். இந்த இரண்டாவது கோரிக்கை முக்கியம். எங்களுக்கு வேலையை நகர்த்தியதே அதுதான்.

ஏனென்றால் 1971 மெடல்கள் போர் முடிந்த பிறகுதான் உருவாக்கப்பட்டன. அவை யூனிட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் ஆள் வேறு யூனிட்டில் இருப்பார், லீவில் இருப்பார், வீட்டுக்கே வந்திருப்பார். பார்சல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இதில் யார் மேலும் கோபப்பட்டுப் பயனில்லை.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை எந்தக் காரணம் கொண்டும் தபாலில் விடாதீர்கள். முதல் முறை வழங்கும் மெடலுக்குக் கட்டணம் கிடையாது, எனவே 'டெல்லியில் ஆள் இருக்கிறது, ஐயாயிரம் கொடுங்கள்' என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். வாங்கித் தொலைத்ததற்கு மாற்று கேட்டால்தான் பணம் கட்ட வேண்டி வரும். இன்னொன்று, ஸ்பார்ஷ் தளத்தில் போய் இதைத் தேடாதீர்கள், அது பென்ஷனுக்கு மட்டும்.

ஐந்தாம் படி: பதில் வரும், ஆனால் கேள்வியாக வரும்

எங்களுக்கு வந்த பதிலில், பார்ட் டூ ஆர்டர் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு மறுபடி விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. பார்ட் டூ ஆர்டர் என்பது யூனிட் வெளியிடும் தினசரி உத்தரவின் ஒரு பகுதி. ஒருவருடைய லீவு, கல்யாணம், குழந்தை, மெடல் தகுதி எல்லாம் அதில் ஏறி, அங்கிருந்துதான் அவருடைய ஷீட் ரோலுக்கு, அதாவது ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும் அவருடைய சர்வீஸ் பதிவேட்டுக்கு, போகும். அந்த எண் அவர்களிடம் இருக்கிற ஆவணத்தில்தான் இருக்கிறது. அதை எழுபத்தைந்து வயது ஆளிடம் கேட்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, பெரியப்பா சிரித்தார், "பட்டாளம்னா அப்படித்தான்டா."

இந்த இடத்தில்தான் ஆர்டிஐ. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது, காகிதத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது மூன்று: ஷீட் ரோலில் மெடல் பதிவு உள்ள பக்கத்தின் நகல், அதற்கான பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும், மெடல் அனுப்பிய விவரம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், அதிலும் சரிவராவிட்டால் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள். காலமானவருக்காகக் கேட்கிறீர்கள் என்றால் உறவுச் சான்றையும் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் சொந்த விவரம் என்று சொல்லி மறுக்க வாய்ப்பிருக்கிறது.

பென்ஷன் இல்லாமல் சில வருஷ சர்வீஸோடு வந்தவர்களுக்கு ஒரு சங்கடம். அவர்களுடைய ஆவணங்களை 25 வருஷத்துக்கு அப்புறம் அழித்துவிடுவது வழக்கம். "அழித்துவிட்டோம்" என்று பதில் வந்தால் சோர்ந்துபோகாமல் லாங் ரோல் என்ற பெயர்ப் பேரேட்டின் நகலைக் கேளுங்கள். அந்தப் பேரேட்டை அழிப்பதில்லை. அதோடு உங்களிடம் உள்ள டிஸ்சார்ஜ் புக்தான் சாட்சி.

எதுவுமே நகரவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் புகார் போடலாம். அதற்கும் மேலே 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் கிளையும் உண்டு. இரண்டு ரவுண்டு கடிதமும் ஒரு ஆர்டிஐயும் போடாமல் அங்கே ஓடாதீர்கள், முதலில் துறையிடம் கேட்டீர்களா என்றுதான் கேட்பார்கள்.

வீர விருது பற்றி

இது கசப்பான பகுதி. 'எங்க அப்பா தனியாக ஒரு பங்கரைப் பிடித்தார், வீர் சக்ரா தர வேண்டும்' என்று இப்போது விண்ணப்பித்தால் பெரும்பாலும் எடுபடாது. அந்தச் சமயத்திலேயே கமாண்டிங் ஆபீசர் பரிந்துரைத்து மேலே போயிருக்க வேண்டும். அப்படிப் போன பரிந்துரை எங்கோ நின்றுபோனதற்குக் காகிதம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் பெரியவருக்கு வீண் நம்பிக்கை கொடுக்காதீர்கள். தாமதமாக எதுவுமே வராது என்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஆர்க்டிக் கடலில் கப்பலோட்டியவர்களுக்கு பிரிட்டன் 2013-ல்தான் ஆர்க்டிக் ஸ்டார் கொடுத்தது, கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழித்து. ஆனால் அது அரசாங்கம் ஒரு கூட்டத்துக்கே சேர்த்து எடுத்த முடிவு, தனி ஆள் மனுப் போட்டு வாங்கியதல்ல.

இதனால் பென்ஷன் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஏறாது. சேவை மெடலுக்குக் காசு கிடையாது.

கடைசிப் படி: பார்சல் வந்ததும்

கண்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் இதே மெடல்கள் பளபளவென்று விலைக்கே கிடைக்கும். பெரியப்பாவுக்கும் வாங்கித் தருகிறேன் என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அரசாங்கம் கொடுக்கும் மெடலில் பொதுவாக ஓரமாகச் சுற்றி நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். நாணயத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பது போலப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் எழுத்து தெரியும். வந்த உடனே அதைச் சரிபாருங்கள். நம்பர் தவறாக இருந்தால் ரசீதில் கையெழுத்து போட்டு அனுப்பும்போதே எழுதிவிடுங்கள்.

எங்களுக்கு பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராமும் ஒரே உறையில் வந்தன. 25ஆம் ஆண்டு மெடல் இன்னும் வரவில்லை, இரண்டாவது ஆர்டிஐ ஓடிக்கொண்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நம்பர் சரி, பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. திருத்தச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். பெரியப்பா மெடலைக் கையில் வாங்கி விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே, "வேணாம் விடு, எங்க சுபேதார் சாகிப் என்னைக் கூப்பிட்டது இப்படித்தான்" என்றார்.