பெரிலியம்-7 ஏறிவிட்டதா? அவசரப்படாதீர்கள்

அடுக்கு மண்டல (வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராடோஸ்பியர்) ஓசோன் தரைக்கு இறங்குவதைத் தேட, காஸ்மிக் கதிர்களால் உருவாகும் கதிரியக்கத் தனிமமான பெரிலியம்-7 கைக்கு எளிது. ஃபில்டரில் காற்றை இழுத்து, காமா டிடெக்டரில் 477.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உச்சத்தை எண்ணினால் போதும். பம்பு அளவீடு, வெற்று ஃபில்டர் போன்றவை எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு, கையேட்டுக்கு வெளியே நேரும் தவறுகளைப் பார்ப்போம்.

உச்சத்தைக் கண்டதும் தீர்ப்பு எழுதுவது

பெரிலியம்-7இல் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அடுக்கு மண்டலத்தில் உருவாகிறது. மீதி அதற்குக் கீழே, நாம் வாழும் அடிவளி மண்டலத்திலேயே பிறக்கிறது. ஆல்ப்ஸ் கோடையில் உயரழுத்தம் நிலைகொண்டால், அடிவளி மண்டலத்தின் மேற்பகுதிக் காற்று உலர்ந்து இறங்கும், பெரிலியம் ஏறும். அதே வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஓசோனும் உருவாகும். இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறுகின்றன, ஒட்டுறவுக் கெழு அழகாக வருகிறது, உடனே "அடுக்கு மண்டல ஓசோன்" என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். பல மாத உழைப்பு இந்த ஒரு வரியில் வீணாகிறது.

2962 மீட்டர் உயர ஜெர்மனியின் சுக்ஸ்பிட்சே (Zugspitze) சிகரத்தில், பெரிலியம்-7 கனமீட்டருக்கு 8 மில்லிபெக்கரலுக்கு (கதிரியக்க அலகு) மேல், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் என்று அடுக்கு மண்டலக் காற்று இறங்கியிருக்கக்கூடிய நாட்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். அது சல்லடைதான், சாட்சி அல்ல. அந்த எண்ணை வேறு மலைக்கு அப்படியே தூக்கிப் போவது தவறு. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் பெரிலியம் உற்பத்தியே ஏறி இறங்கும் என்பதால், ஒரே மலையிலும் அது நிலையான எல்லை அல்ல.

சல்லடையில் தப்புவதும் உண்டு. ஆறு மணி நேரம் 16 மில்லிபெக்கரல், மீதிப் பதினெட்டு மணி நேரம் 4 என்றால் 24 மணி நேர ஃபில்டரின் சராசரி 7. அடுக்கு மண்டலக் காற்றின் ஊடுருவல் நடந்தும் அந்த நாள் கணக்கில் வராது.

வசதி இருந்தால் பெரிலியம்-10/பெரிலியம்-7 விகிதத்தை எடுங்கள். அடுக்கு மண்டலத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கும் காற்றில், 53 நாள் அரை ஆயுள் கொண்ட பெரிலியம்-7 சிதைந்து குறையும், மிக நீண்ட ஆயுள் கொண்ட பெரிலியம்-10 அப்படியே இருக்கும், விகிதம் உயரும். அடிவளி மண்டலத்திலோ சில வாரங்களில் தூசித் துகளோடு இரண்டும் படிந்துவிடும். மழை இரண்டையும் ஒரே அளவில் கழுவுவதால் விகிதம் கெடாது. பெரிலியம்-10ஐ அளக்க, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் முடுக்கி நிறைமாலைமானி வேண்டும், செலவுதான். முடியாதபோது காற்றின் பின்னோக்கிய பாதை, ஈரப்பதம், மணிவாரி ஓசோன் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பெரிலியத்தை ஓசோனாகப் பெருக்குவது

பெரிலியம்-7 அளவை ஒரு எண்ணால் பெருக்கி, மேலிருந்து வந்த ஓசோன் இவ்வளவு என்று சொல்லாதீர்கள். மழை பெரிலியத்தைக் கழுவும், ஓசோனைக் கழுவாது. நிலையான பெருக்கெண் கிடையாது.

ஈயம்-210 விகிதம்

பெரிலியம்-7/ஈயம்-210 விகிதம் உயர்ந்தால் காற்று மேலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்வதுண்டு. ஈயம்-210 நிலத்திலிருந்து வெளிவரும் ரேடான் வாயுவின் வாரிசு. கடல் காற்றில் அது இயல்பாகவே குறைவு. மேலிருந்து எதுவும் இறங்காமலே அங்கே அந்த விகிதம் எகிறும்.

தாமதமாக எண்ணுவது

எண்ணுவதை 10 நாள் தள்ளினால் பெரிலியம்-7இல் 12 சதவீதம் சிதைந்துபோய்விடும். சேகரிப்பின் நடுநேரத்துக்குத் திருத்துங்கள்.

மண் தூசி

மண்ணில் உள்ள ஆக்டினியம்-228க்கும் 478 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அருகே மெல்லிய காமாக் கோடு உண்டு, அது பெரிலியம்-7 உச்சத்தோடு கலந்துவிடும். ஃபில்டர் பழுப்பாக இருந்தால் ஆக்டினியத்தின் 911 கோட்டையும் பாருங்கள்.