முதல் உலகளாவிய சுகாதார ஆய்வு: கணக்கெடுப்புத் தரவிலிருந்து சரியான எண்ணைப் பெறுவது எப்படி?

பட்டப்படிப்புக் காலத்தில் புதிதாகக் களப்பணி நடத்தி, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்று, முடிவுகளை எழுதி முடிப்பது மிகக் கடினம். ஆகவே இளநிலை மாணவர்களுக்கு ஏற்கெனவே திரட்டப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்புத் தரவையே நான் பரிந்துரைப்பேன். 1984இல் தொடங்கிய டி.எச்.எஸ். (மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பு) திட்டம் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய கணக்கெடுப்புகளை நடத்தியுள்ளது.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். ‘வறுமையும் ஊட்டச்சத்தும்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘இந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றல் (வயதுக்கேற்ற உயரம் இல்லாமை) தாயின் கல்விக்கேற்ப எவ்வளவு வேறுபடுகிறது?’ என்பதுதான் விடை காணக்கூடிய கேள்வி.

அடுத்து, டி.எச்.எஸ். இணையதளத்தில் ஆய்வின் நோக்கத்தை எழுதிப் பதிவு செய்து தரவைப் பதிவிறக்குங்கள். பெயர் நீக்கப்பட்ட தரவுதான் என்றாலும், உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் முழு அனுமதி தேவையில்லை என்ற விலக்குக் கடிதம் பெற்றுவிடுங்கள். கோப்பை நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள்.

பகுப்பாய்வுக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியும் அதன் ‘சர்வே’ தொகுப்பும் போதும். இலவசம் என்பதைவிட, ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கிறது என்பதே அதன் பெரிய பயன். விரிதாளில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

இனி வருவதுதான் கவனத்தை முழுவதும் கேட்கும் படி. வயதுக்கேற்ற உயரத்தின் இசட் மதிப்பு (அந்த வயதுக்கு வழக்கமான உயரத்திலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு) எச்.சி.70 என்ற மாறியில் நூறால் பெருக்கி வைக்கப்பட்டிருக்கும். எனவே -200க்குக் கீழே இருந்தால் வளர்ச்சிக் குன்றல். அதே நிரலில் 9998 போன்ற எண்களும் வரும். அவை அளவுகள் அல்ல, கணக்கில் சேர்க்க முடியாத பதிவுகளுக்கான குறியீடுகள். 9990க்கு மேற்பட்டவற்றை நீக்காவிட்டால் அந்தக் குழந்தைகளெல்லாம் நல்ல உயரமுள்ளவர்களாக எண்ணப்பட்டு, குன்றல் விகிதம் உண்மையைவிடக் குறைந்துவிடும். பிறகு மாதிரி எடையான (ஒவ்வொரு வீடும் மொத்த மக்களில் எவ்வளவு பேரைக் குறிக்கிறது என்பதற்கான எண்; உடல் எடை அல்ல) எச்.வி.005ஐப் பத்து லட்சத்தால் வகுத்து, எச்.வி.021ஐக் கொத்தாகவும் (ஒரே இடத்தில் தேர்ந்தெடுத்த வீடுகளின் குழு), பெரும்பாலான கணக்கெடுப்புகளில் எச்.வி.023ஐ அடுக்காகவும் (மாதிரி எடுக்கும் முன் நாட்டைப் பிரித்த பிரிவு) கொடுங்கள். எடையை விட்டுவிட்டால் சதவீதமே பிறழும். கொத்தை விட்டுவிட்டால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகும்.

உங்கள் கேள்விக்குப் போகுமுன், அந்நாட்டின் இறுதி அறிக்கையில் அச்சான தேசிய விகிதத்தை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். அது பொருந்தும்வரை மேலே நகரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எழுதும்போது, இத்தகைய ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான ஸ்ட்ரோப் (STROBE) சரிபார்ப்புப் பட்டியலின் 22 அம்சங்களையும் சரிபாருங்கள். ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து தொடர்பைத்தான் சொல்ல முடியும். தாயின் கல்விதான் காரணம் என்று எழுதிவிட வேண்டாம்.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் எண் பொருந்தவில்லை என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது டி.எச்.எஸ். தரவின் கே.ஆர். (KR) என்ற குழந்தைகள் கோப்பு, அதில் நேர்காணல் தந்த தாய்மார்களின் குழந்தைகள் மட்டுமே உண்டு. அறிக்கையின் அட்டவணை, வீட்டு உறுப்பினர்கள் அனைவரையும் கொண்ட பி.ஆர். (PR) கோப்பிலிருந்து, முந்தைய இரவு அவ்வீட்டில் தங்கிய குழந்தைகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. முந்தைய இரவு தங்கியதைக் குறிக்கும் எச்.வி.103 என்ற மாறியில் 1 என்று உள்ளவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் எண் பொருந்தும்.

இன்னொன்று: 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நிதி நின்றதால் டி.எச்.எஸ். பணிகள் தடைப்பட்டன. தரவு அனுமதி கிடைக்குமா என்று பார்த்துவிட்டே கேள்வியை முடிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் யுனிசெஃபின் மிக்ஸ் (MICS) என்ற வீட்டுக் கணக்கெடுப்புகள் நல்ல மாற்று. அவற்றில் குழந்தைகளுக்கான மாதிரி எடையைப் பத்து லட்சத்தால் வகுக்கத் தேவையில்லை.