கல்லூரியை விட்டு விலகினால் கட்டிய பணத்தையும் ஒரிஜினல் சான்றிதழையும் திரும்ப வாங்குவது எப்படி?

என் தம்பி 2024 ஜூலையில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தான். செப்டம்பரில் வேறொரு கல்லூரியில் அவன் ஆசைப்பட்ட பாடத்திலேயே இடம் கிடைத்தது. ஏற்கெனவே கட்டியிருந்த 42,000 ரூபாயைக் கேட்டபோது, "கட்டின பணம் கட்டினதுதான் தம்பி, அப்ளிகேஷன்லயே போட்டிருக்கே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. மூன்று மாதம் அலைந்து டிசம்பரில் முழுத்தொகையையும் வாங்கினோம். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது பதினைந்து நாளில் முடிய வேண்டும்.

முதல் படி: எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள்

பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கைதான் அடிப்படை. கட்டணத்தைத் திருப்பித் தருவது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது, இரண்டும் அதிலேயே இருக்கின்றன. பொறியியல் படிப்புகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தனியாக விதி வைத்திருக்கிறது. மருத்துவப் படிப்பும் வேறு கணக்கு. நான் எழுதுவது யுஜிசி விதிகளைப் பற்றி மட்டும்.

2018 அறிவிக்கையின் கணக்கு இதுதான். சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் 100 சதவீதம் கிடைக்கும். அதில் மட்டும் செயலாக்கக் கட்டணமாகக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் 5 சதவீதத்துக்குள், அதிகபட்சம் 5,000 ரூபாய்தான். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கடந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. காப்புத்தொகை என்று வாங்கும் காஷன் டெபாசிட் இந்தக் கணக்கில் சேராது. எப்போது விலகினாலும் அது முழுசாக வர வேண்டும்.

இங்கேதான் நான் முதல் தப்பு செய்தேன். இந்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, நானே குறைத்துக் கேட்டு ஒரு கடிதம் தயார் செய்துவிட்டேன். தற்செயலாக யுஜிசி தளத்தில் அந்த ஆண்டுக்கான சுற்றறிக்கை கண்ணில் பட்டது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகுகிறவர்களுக்கு முழுத்தொகை, அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்று அதில் இருந்தது. அந்தத் தேதிகள் தாண்டினால்தான் 2018 கணக்கு. இப்படி ஆண்டுக்கென்று தனிச் சுற்றறிக்கை வந்திருந்தால் அதுதான் உங்களுக்கு லாபம். அதனால் கடிதம் எழுதும் முன் யுஜிசி தளத்தில் அறிவிப்புகள் பக்கத்துக்குப் போய், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸப்பில் சுற்றும் படங்களை நம்ப வேண்டாம். போன வருடத் தேதி போட்டதெல்லாம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது படி: எழுதிக் கொடுங்கள், முத்திரை வாங்குங்கள்

இந்தப் படியை இரண்டு தடவை படியுங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் போனது இதனால்தான்.

எத்தனை சதவீதம் என்பது, நீங்கள் விலகும் கடிதம் கல்லூரிக்குக் கிடைத்த நாளை வைத்துத்தான் முடிவாகும். வகுப்புக்குப் போவதை நிறுத்திய நாளுக்குக் கணக்கில்லை. துறைத்தலைவரிடம் வாயால் சொன்ன நாளுக்கும் கணக்கில்லை. தம்பி செப்டம்பர் 12-ஆம் தேதி அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தான். வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்கார், அடுத்த வாரம் வாப்பா" என்றார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம். நவம்பர் 4-ஆம் தேதி நான் நேரில் போய்க் கேட்டபோது, "அப்படி ஒரு லெட்டரே இங்க வரலையே மேடம்" என்றார் கண்காணிப்பாளர். அன்றைக்குப் புதிதாகக் கடிதம் கொடுத்தால் அக்டோபர் 31 தாண்டிவிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதி கடந்தும் 30 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அதாவது ஒரு ரூபாய்கூட வராது.

எங்களைக் காப்பாற்றியது ஒரு மின்னஞ்சல். கடிதம் கொடுத்த அன்று மாலையே தம்பி அதைப் போட்டோ எடுத்து முதல்வரின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியிருந்தான். "செப்டம்பர் 12, மாலை 5.48" என்று அதில் நேரத்தோடு இருந்தது.

நீங்கள் அப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டாம். கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். தபால் வாங்கும் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரை, தேதி, இன்வர்டு நம்பர் (தபால் பதிவு எண்), வாங்கியவர் கையெழுத்து நாலும் கேளுங்கள். தயங்கினால் சண்டை போட வேண்டாம். "சார், வீட்டில் காட்டணும், ஒரு சீல் மட்டும் வெச்சுக் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் வைத்துவிடுவார்கள். அப்படியும் மறுத்தால் அன்றைக்கே தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கொடுத்ததாக டிராக்கிங்கில் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ரசீதோடு பின் செய்து வையுங்கள். தனியார் கூரியர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தபால்துறை ரசீது என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

கடிதத்தில் கதை எழுத வேண்டாம். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"நான் 2024-25 கல்வியாண்டில் தங்கள் கல்லூரியில் முதலாமாண்டு பி.எஸ்சி. வகுப்பில் சேர்ந்தேன். இன்றைய தேதியில் என் சேர்க்கையை ரத்து செய்துகொள்கிறேன். யுஜிசி விதிகளின்படி நான் செலுத்திய கட்டணம் ரூ. 39,000, காப்புத்தொகை ரூ. 3,000 ஆகியவற்றைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும், என் மாற்றுச் சான்றிதழையும் அசல் சான்றிதழ்களையும் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். கட்டண ரசீதுகளின் நகல் இணைத்துள்ளேன்."

கட்டணத்தையும் காப்புத்தொகையையும் பிரித்துப் போடுவது முக்கியம். சேர்த்து எழுதினால் மொத்தத்துக்கும் சதவீதம் போட்டுக் குறைத்துவிடுவார்கள்.

எழுத்துப்பூர்வமான விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே 2018 அறிவிக்கையில் இருக்கிறது. காலண்டரில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது படி: அசல் சான்றிதழ்கள்

சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே மாணவரிடம் திருப்பித் தர வேண்டும், நகல்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. நடைமுறையில் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலை எல்லாம் வாங்கி பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். "மீதி பீஸைக் கட்டிவிட்டு வாங்கிட்டுப் போ" என்று சொன்னால், அந்த வாக்கியத்தை வைத்தே புகார் கொடுக்கலாம். படிக்காத படிப்புக்குப் பணம் கட்டச் சொல்லிச் சான்றிதழைப் பிடித்து வைப்பதை, 2023-ஆம் ஆண்டின் யுஜிசி மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் குறையாகவே பட்டியலிட்டிருக்கின்றன.

நான்காவது படி: மாணவர் குறைதீர்ப்புக் குழு

15 நாள் ஆகியும் பதில் இல்லையா? சரி, அடுத்த கதவைத் தட்டுங்கள். 2023 ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தலைவராகவோ உறுப்பினராகவோ ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளில் ஒருவராவது இருக்க வேண்டும். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக உட்காருவார். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும், அதன் நகல் உங்களுக்கும் வர வேண்டும்.

பலர் இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். "டிசியில கை வெச்சுருவாங்க" என்ற பயம். எங்கள் வீட்டிலும் அம்மா அதையே சொன்னார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் முடிந்தால் முதலில் டிசியைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பணத்துக்குப் புகார் கொடுங்கள் என்று சொல்கிறேன். புகாரில் யாரையும் திட்ட வேண்டாம். தேதி, தொகை, விதி, இணைப்பு, அவ்வளவு போதும்.

நவம்பர் 11-ஆம் தேதி புகார் கொடுத்தோம். 26-ஆம் தேதி கூப்பிட்டார்கள். நேரில் போகலாம், அல்லது நம் சார்பில் ஒருவரை அனுப்பலாம். தம்பியோடு நானும் போனேன். ஒரு பேராசிரியை அந்த மின்னஞ்சல் பிரிண்டைக் கையில் வாங்கி, தேதியின் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டு, "இது செப்டம்பர்ல வந்ததுதானே சார்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அதற்கு மேல் பெரிய விவாதம் நடக்கவில்லை. டிசம்பர் 10-ஆம் தேதி 42,000 ரூபாய் கணக்கில் ஏறியது.

குழுவின் முடிவில் திருப்தி இல்லை என்றால், முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். 30 நாளில் முடிக்க அவர் முயல வேண்டும். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். ஆனால் அதை முதல் படியாக வைக்காதீர்கள். கல்லூரிக்குள் கொடுத்த காகிதம் கையில் இருந்தால்தான் அங்கே போடும் புகாருக்கு வலு.

சேர்த்தது: கருத்துப் பெட்டியில் ஒரு தங்கை எழுதியிருந்தார். "கட்டணத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால்தான் டிசி என்கிறார்களாம். புதிய கல்லூரியில் அசலைக் கொடுக்க மூன்று நாள்தான் அவகாசம். தயவுசெய்து அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். புதிய கல்லூரியில் நிலைமையைச் சொல்லி, முத்திரை வாங்கிய விலகல் கடிதத்தின் நகலைக் காட்டி ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். டிசி கேட்ட கடிதத்துக்கு அவர்கள் வைத்த நிபந்தனையை அன்றைக்கே முதல்வருக்கு மின்னஞ்சலில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அந்தத் தங்கை இப்படிச் செய்த மறுநாளே டிசி கொடுத்துவிட்டார்கள்.

மறுபடியும் சேர்த்தது: மதிப்பெண் குறைந்ததற்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெறும் மறுமதிப்பீடு, மறுகூட்டல் கோரிக்கைகளை அவர் எடுத்துக்கொள்வதில்லை. முடிவையே மாற்றும் அளவுக்கு ஒரு குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ நடந்ததாகக் காட்டினால்தான் எடுப்பார். மற்றதற்கு உங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பதுதான் வழி.

கல்விக் கடனில் கட்டணம் கட்டியிருந்தால், கல்லூரிக்குக் கடிதம் கொடுக்கும் அன்றே வங்கி மேலாளருக்கும் ஒரு நகல் கொடுங்கள். பணம் மாணவர் கணக்குக்கு வருமா, கடன் கணக்குக்குப் போகுமா என்பதை அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கணக்கு எண்ணையே கடிதத்தில் எழுதுங்கள்.